கொம்பைலருக்குத் தமிழ் தெரியாது

சண்டை தொடங்கியபோது எச்சரிக்கைகளின் எண்ணிக்கை 412. எண்ணியது நானல்ல, லூஷியத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை. பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிய புதிதில், 2021 கோடையில் எங்களோடு சேர்ந்தாள். சேர்ந்து இரண்டாவது கிழமையே ஒரு பட்டியல் போட்டு அனுப்பினாள். குறியுள்ள எண்ணையும் குறியில்லாத எண்ணையும் ஒப்பிட்டதற்காக 279. ஒரு கிளையில் நிற்காமல் அடுத்த கிளைக்குள் வழுகி விழுவதற்காக 96. வாங்கிவிட்டுப் பயன்படுத்தாத உள்ளீடுகளுக்காக 31. மிச்சம் ஆறும் உதிரி. பட்டியலுக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. இவற்றை யாராவது எப்போதாவது வாசித்ததுண்டா என்று கேட்டிருந்தாள்.

எங்கள் மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். யூனிகோட் பரவலாவதற்கு முன் தமிழில் தட்டச்சுச் செய்தவர்களிடம் பழைய கோப்புகள் இருக்கும். பாமினி, மயிலை, தஸ்கி, தாம், தாப் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குறிமுறை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தாமையும் தாபையும் ஏற்றுக்கொண்டது. எங்களில் பலர் தஸ்கியில் இருந்தோம். மதுரைத் திட்டத்தின் தொடக்ககால நூல்கள் பலவும் தஸ்கியில்தான் இருந்தன. அந்தக் கோப்புகளை இன்று திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் கொக்கிகளும்தான் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றித்தருவதுதான் எங்கள் நிரலின் வேலை. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணை ஒருவர் 2001இல் சி மொழியில் எழுதத் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள், யாரும் எடுக்கலாம், திருத்தலாம். இருபது வருடத்தில் அவருக்கு இதனால் ஒரு சதமும் வந்ததில்லை. நான் பத்து வருடமாக அவருக்குத் துணை. வெளியீடுகளுக்குக் கையொப்பமிடும் சாவி ஹரோவில் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் இந்த விவகாரம் என் தலையில் வந்து விழுந்தது.

நிரல் எழுதாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்கு விளங்கும் மொழிக்கு மாற்றுவது கொம்பைலர். கலைச்சொல் அகராதிகள் தொகுப்பி என்கின்றன; நாங்கள் கதைக்கும்போது கொம்பைலர்தான். எழுதியதில் பிழை இருந்தால் அது வேலையை நிறுத்திவிடும். எச்சரிக்கை வேறு. கேட்டதைச் செய்து தந்துவிட்டு, "செய்து போட்டன், ஆனா உது சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று முணுமுணுக்கும். முதலில் இந்த முணுமுணுப்பைக் கொம்பைலருக்கு வெளியே வைத்திருந்தார்கள். பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் எழுதிய 'லின்ட்' என்ற கருவி அதற்கென்றே இருந்தது. உடுப்பில் ஒட்டும் பஞ்சுத்தூளுக்கு ஆங்கிலத்தில் லின்ட் என்று பெயர். சட்டையைக் கிழிக்காமல் தூசைத் தட்டுவது என்ற எண்ணம். பிறகு அந்த வேலையைக் கொம்பைலரே எடுத்துக்கொண்டது. ஜிசிசி கொம்பைலரிடம் "டபிள்யூ ஆல்" என்று சொன்னால் எல்லா எச்சரிக்கைகளையும் தரும் என்று நினைப்பீர்கள். தராது. அதற்கு மேல் "டபிள்யூ எக்ஸ்ட்ரா" என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மேலும் தனித்தனியாகக் கேட்கவேண்டியவை இருக்கின்றன. 'எல்லாம்' என்ற சொல்லின் பொருளை மாற்றினால் உலகத்தில் பாதிப் பேரின் நிரல் கட்டுமானம் குழம்பும் என்ற பயத்தில் அந்தச் சொல் அப்படியே கிடக்கிறது.

அண்ணை எப்போதோ இரண்டையும் போட்டுவைத்தார். ஆரம்பத்தில் நாற்பது ஐம்பது எச்சரிக்கைகள் வந்ததாக ஞாபகம். கொம்பைலரின் ஒவ்வொரு புதுப் பதிப்பும் புதிதாக எதையாவது முணுமுணுக்கக் கற்றுக்கொண்டு வந்தது. 2017இல் ஜிசிசி 7 வந்தபோது கிளை வழுகலுக்கான எச்சரிக்கை சேர்ந்தது. நிரலில் ஓர் எழுத்து மாறாமலே எங்கள் குற்றங்கள் ஒரே இரவில் 96 கூடின.

குற்றம் என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். அண்ணை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். பிள்ளையின் பட்டியல் வந்த அன்று இரவு எனக்கு அழைப்பு எடுத்தார். "உவ என்னெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா? இருபது வருசமா ஓடுற சாமான். ஆயிரக்கணக்கான பக்கம் மாத்தியிருக்கு. இப்ப வந்து நானூறு பிழை எண்டுறா." பிழை இல்லை அண்ணை, எச்சரிக்கை என்றேன். "எனக்கு ரெண்டும் ஒண்டுதான்" என்றார். அது அறியாமையால் வந்த பதில் அல்ல. ஆங்கிலத்தில் எழுதினால் நீயும் நீங்களும் ஒன்றாகிவிடும். அவள் எழுதிய ஒற்றை வரியில் அவருக்குக் கேட்டது 'நீ'. அவளுக்கு அப்படி ஒரு வித்தியாசம் தன் வசனத்தில் இருக்கமுடியும் என்பதே தெரியாது. கட்டற்ற மென்பொருள் உலகில் இத்தகைய சண்டைகளில் பாதியாவது இப்படித்தான் தொடங்குகின்றன என்பது என் அனுபவம். கொம்பைலர் நிரலைப் பற்றிச் சொல்கிறது. எழுதியவர் தன்னைப் பற்றிச் சொல்வதாகக் கேட்கிறார்.

அவள் தீர்வோடுதான் வந்திருந்தாள். எச்சரிக்கைகளையெல்லாம் பிழைகளாக நடத்தும்படி கொம்பைலரிடம் சொல்லிவிடுவது. அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது: "டபிள்யூ எரர்". அதைப் போட்டால் ஒரு முணுமுணுப்பு வந்தாலும் நிரல் கட்டப்படாது. எல்லாரும் உடனே திருத்தித்தான் ஆகவேண்டும். அந்த செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவகத்தில் இதையே செய்தார். யார் கட்டினாலும் எச்சரிக்கை எல்லாம் பிழை என்று இயல்பிருப்பாக வைத்தார். அவள் துள்ளிக்கொண்டு அந்தச் செய்தியை எங்களுக்கு அனுப்பினாள். ஆனால் வேறுவேறு கொம்பைலர், வேறுவேறு இயந்திரம் வைத்திருந்தவர்கள் தங்கள் கருவகம் கட்டுப்படவில்லை என்று முறையிட்டார்கள். சில நாட்களிலேயே, சோதனைக்காகக் கட்டுபவர்களுக்கு மட்டும்தான் அது இயல்பிருப்பு என்று சுருக்கப்பட்டது. அந்தச் செய்தியைத் துள்ளிக்கொண்டு அனுப்பியவர் அண்ணை.

அதே லினஸ் அதற்கு முந்தைய வருடம் செய்ததையும் சொல்லவேண்டும். 2020 மே மாதம் ஜிசிசி 10க்கு மாறியவுடன் அவருக்கு நூற்றுக்கணக்கான வரிகளில் புது எச்சரிக்கைகள் கொட்டின. அவற்றுக்கு நடுவில் உண்மையிலேயே நிரல் கட்டுப்படாமல் போன ஓர் இடத்தை அவர் முதலில் கவனிக்காமல் விட்டுவிட்டார். வெளியே அனுப்புவதற்கு முன் இரண்டாவது தடவையில்தான் கண்ணில் பட்டது. உடனே பல எச்சரிக்கைகளை அணைத்துவிட்டார். நல்ல எச்சரிக்கைதான், ஆனால் இந்தச் சத்தத்தில் மற்றது கேட்கவில்லை என்பது அவருடைய நியாயம். "மாறிகளுக்குத் தொடக்க மதிப்பு இடாமல் இருக்கலாம்" என்று ஐயப்படும் எச்சரிக்கையும் அப்போது போனது. ஒருவரே ஒரு வருடம் சத்தத்தை அணைக்கிறார், அடுத்த வருடம் சத்தத்தைச் சட்டமாக்குகிறார். முரண் என்று சிலர் சிரித்தார்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. மிச்சமிருப்பதைக் கட்டாயமாக்கவேண்டுமென்றால் முதலில் வீண் சத்தத்தைக் குறைத்தாகவேண்டும்.

அண்ணையிடம் இதைவிடப் பெரிய ஆயுதம் ஒன்று இருந்தது. டெபியன் கதை. நிரலாளர்களுக்குள் இதைத் தெரியாதவர்கள் குறைவு; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

2006இல் டெபியன் லினக்ஸுக்காக ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியைப் பராமரித்தவருக்கு வால்கிரைண்ட் என்ற கருவி தொந்தரவு கொடுத்துக்கொண்டிருந்தது. வால்கிரைண்ட் கொம்பைலர் அல்ல. ஓடும் நிரலைக் கூடவே ஓடி வேவு பார்ப்பது. ஆனால் முணுமுணுப்பு ஒன்றுதான். மதிப்பு இடப்படாத நினைவகத்தைப் பயன்படுத்துகிறாய் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. பராமரிப்பாளர் பொறுப்பாகத்தான் நடந்தார். மூல நிரலை எழுதியவர்களிடம் இந்த இரண்டு வரிகளை எடுத்துவிடலாமா என்று கேட்டார். பலத்த மறுப்பு வரவில்லை. எடுத்தார். சத்தம் நின்றது. ஒரு வரி உண்மையிலேயே தேவையில்லாதது. மற்ற வரி வழியாகத்தான் சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல்தன்மை முழுவதும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதை எடுத்தபின் மிஞ்சியது, நிரலுக்கு இயங்குதளம் இடும் வரிசை எண் மட்டும். அந்தக் காலத்தில் அது வழக்கமாக 32,768க்கு மேல் போகாது. எண்ணமுடியாத அளவுக்கு இருந்திருக்கவேண்டிய இரகசியச் சாவிகள், ஒரு சாதாரணக் கணினி உட்கார்ந்து எண்ணிவிடக்கூடிய அளவுக்குச் சுருங்கின. ஏறத்தாழ இரண்டு வருடம் யாருக்கும் தெரியாது. லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடிக்க, 2008 மே 13 அன்று டெபியன் அறிவித்தது. டெபியனிலும் அதை அடியொற்றிய உபுண்டுவிலும் அந்தக் காலத்தில் செய்த சாவிகளையெல்லாம் எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்யவேண்டி வந்தது.

"சத்தம் நிண்டது. பூட்டும் போச்சு" என்பார் அண்ணை. எஸ்கியூலைட் தரவுத்தளத்தை எழுதியவர்கள் சொல்வதையும் சேர்த்துக்கொள்வார்: இத்தகைய ஆய்வுக் கருவிகள் கண்டுபிடித்துக் கொடுத்த பிழைகளைவிட, எச்சரிக்கை இல்லாமல் கட்டப்படவேண்டும் என்று திருத்தப்போய் உள்ளே புகுந்த பிழைகள்தான் தங்களுக்கு அதிகம் என்று அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஓடுகிறதைத் தொடாதே. அண்ணையின் வேதம் அது.

அவள் தொட்டாள். அக்டோபரில் 96 வழுகல்களையும் தீர்க்கும் ஒரு திருத்தத்தை அனுப்பினாள்.

கிளை வழுகல் என்றால் என்னவென்று சொல்லவேண்டும், ஏனென்றால் கதையே இங்கேதான். சி மொழியில் 'இந்த எழுத்து வந்தால் இதைச் செய், அந்த எழுத்து வந்தால் அதைச் செய்' என்று கிளைகளாக எழுதலாம். ஒவ்வொரு கிளையின் முடிவிலும் 'நிறுத்து' என்று எழுதாவிட்டால், நிரல் நிற்காமல் அடுத்த கிளைக்குள் போய்விடும். பல நேரம் அது மறதியால் வரும் பிழை. சில நேரம் வேண்டுமென்றே செய்வது. தஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கும்: கொம்பு முதலில், பிறகு மெய், பிறகு கால். யூனிகோடில் மெய் முன்னே, உயிர்க்குறி பின்னே. ஒற்றைக் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே ஒகரக் குறியாக்க, அண்ணை கிளைகளை அடுக்கி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விழவைத்திருந்தார். அழகான வேலை.

வேண்டுமென்றே விழவைத்தால் அதைக் கொம்பைலருக்கு அறிவிக்க ஒரு வழி உண்டு. அந்த இடத்தில் "கீழே விழட்டும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பெழுதினால் ஜிசிசி அதை வாசித்து அமைதியாகிவிடும். குறிப்பு என்பது மனிதருக்காக எழுதுவது. கொம்பைலர் தாண்டிப் போகவேண்டியது. இந்த ஒன்றுக்கு மட்டும் அது நின்று வாசிக்கிறது.

அண்ணை 96 இடங்களிலும் குறிப்பெழுதியிருந்தார். 2001இலேயே. தமிழில்.

"கால் வந்தால் பார்க்கலாம், கீழே போ." "இது ஐகாரம், நிற்காதே." இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. கொம்பைலருக்குத் தமிழ் தெரியாது. அதனால் 96 தடவையும், காரணம் சொல்லாமல் விழுகிறாய் என்று எச்சரித்தது. பிள்ளைக்குத் தமிழ் ஓரளவு தெரியும்; சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டு வயதுவரை படித்தவள். ஆனால் அந்தக் குறிப்புகள் யூனிகோடில் இல்லை, தஸ்கியில் இருந்தன. அவளுடைய திரையில் அவை கொக்கியும் புள்ளியுமாகத் தெரிந்தன. பழுதான கோப்பு என்று நினைத்து 96ஐயும் அழித்துவிட்டாள். அழித்த இடத்தில் சிலவற்றுக்கு ஆங்கிலக் குறிப்பு, மூன்று இடத்தில், மறதி என்று எண்ணி, 'நிறுத்து'.

தஸ்கியை யூனிகோடாக்குவதற்கென்றே இருபது வருடம் உழைத்த மென்பொருளின் மூலநிரலை, அந்த மென்பொருளுக்குள் விட்டுப் பார்க்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை நினைத்து நான் பிறகு தனியாக இருந்து சிரித்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. அண்ணை பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்: கொக்கு, கெக்கு ஆகிக்கொண்டிருந்தது. அதைவிட அவரைத் தாக்கியது வேறு. திருத்தத்தோடு அவள் எழுதிய விளக்கத்தில் "குப்பை எழுத்துகளை நீக்கினேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அவர் எனக்கு எடுக்கவில்லை. மூன்று நாள் கழித்து, தான் விலகுவதாக இரண்டு வரி மின்னஞ்சல் மட்டும் வந்தது. அதற்கடுத்த நாள் அவளிடமிருந்து: இப்படிப்பட்ட இடத்தில் தனக்கு வேலையில்லை, தனியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்று.

கட்டற்ற மென்பொருளில் பிரிந்து போவது உரிமை. ஆனால் இருபது வருடத் தமிழ்ப் பழங்கோப்புகளைப் பற்றிய அறிவு ஒருவரிடம். இன்னும் நாற்பது வருடம் இதைத் தூக்கக்கூடிய தோள் மற்றவரிடம். பிரிந்தால் இரண்டும் சாகும். ஊரில் என்றால் யாராவது ஒரு பெரியவர் இரண்டு வீட்டுக்கும் நடந்து போயிருப்பார். நான் ஹரோவிலிருந்து லூஷியத்துக்கு ரயில் எடுத்தேன்.

அவளுடைய அடுக்குமாடியில், நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய அம்மா பருப்புக்குத் தாளித்தார். செத்தல் மிளகாய் எண்ணெயில் விழுந்த கணம் புகை அலாரம் கத்தத் தொடங்கியது. அம்மா ஒன்றும் பதறவில்லை. கதிரையில் ஏறிக் குளியல்தொப்பி ஒன்றை அதன்மேல் மாட்டினார். அந்தத் தொப்பி அதற்கென்றே பக்கத்தில் ஆணியில் தொங்கியது. லண்டன் தமிழ் வீடுகளில் இதைப் பார்க்காதவர் யார்? வாடகை வீடுகளில் தளத்துக்கு ஒரு புகை அலாரமாவது இருக்கவேண்டும் என்பது இங்கிலாந்தில் 2015 அக்டோபரிலிருந்து சட்டம். அதை முடிவைப்பதும் சட்டம் அளவுக்குப் பரவலான வழக்கம். "இதுதான் உங்கட டொரொன்டோ அங்கிள் செய்யிறது" என்றாள் பிள்ளை. ஷவர் தொப்பி. நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, சமையலறைக்குப் புகை அலாரம் வைப்பதே சரியில்லை, அங்கே வெப்பத்துக்கு அடிக்கும் அலாரம் வைக்கவேண்டும், புகை அலாரத்தை நடைபாதைக்கு மாற்றவேண்டும் என்றேன். வீட்டைப் பற்றித்தான் சொன்னேன். அவள் வேறுமாதிரி எடுத்துக்கொண்டாள் போலிருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் குப்பை உண்மையா என்ன?" என்று கேட்டாள்.

அவளுடைய மடிக்கணினியிலேயே எங்கள் நிரலைக் கட்டி, எங்கள் மூலநிரலின் குறிப்புகளை அதற்குள் விட்டோம். கொக்கிகள் தமிழாக மாறி வந்தன. அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். "கால்... வந்தால்... பார்க்கலாம்." கால் என்றால் அரவு என்பதை அம்மா சமையலறையிலிருந்து விளக்கினார். நான்காவதோ ஐந்தாவதோ குறிப்பு வரை வந்தபோது அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "இவர் ஏற்கெனவே எல்லாத்துக்கும் பதில் சொல்லியிருக்கிறார்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் தேடாத ஒன்று கண்ணில் பட்டது. நீளமான குறிப்புகள் இரண்டு வரியாக உடைந்திருந்தன. மூன்று இடங்களில், முதல் வரியின் முடிவில் ஒரு கொம்பு தனியே, அந்தப் புள்ளி வட்டத்தோடு, அந்தரத்தில் தொங்கியது. அடுத்த வரி மெய்யோடு தொடங்கியது. கொம்பு தனக்குரிய எழுத்தோடு சேரவில்லை. அதற்கென்று ஒரு சிறு சோதனை நிரலில் உண்டு. வரி முடிவில் கொம்பு கிடந்தால் அடுத்த வரிக்கு எடுத்துச் செல் என்று. இப்போது எங்களுடன் இல்லாத ஒருவர் 2016இல் சேர்த்தது. அது வேலை செய்யவில்லை.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒரு கடிதம். எட்டு மாதத்துக்கு முன் ஒரு பெண் எழுதியிருந்தார். தாயாரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக, பழைய தஸ்கிக் கோப்பிலிருந்த குடும்ப மரத்தை எங்கள் நிரலால் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். ஒரு பத்திக்கு இத்தனை எழுத்து என்று பழைய நிரல் ஒன்று வெட்டிவைத்த பட்டியல். அச்சில் செல்லம்மா, சல்லம்மா ஆகிவிட்டார். வரி முடிவில் ஏதோ வட்டம் கிடந்ததாம். அச்சகத்தில் அழுக்கென்று துடைத்துவிட்டார்களாம். நானூறு பேருக்குக் கொடுத்த புத்தகத்தில் அம்மாவின் பெயரே பிழை. கோபமாகக்கூட எழுதவில்லை அவர். வேறு யாருக்கும் இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். அண்ணை அதே பட்டியலைத் தன் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தார். செல்லம்மா சரியாக வந்தார். எங்களிடம் பிழை இல்லை என்று பதில் போனது.

அண்ணையின் இயந்திரம் ராஸ்பெரி பை. உள்ளே ஆர்ம் சில்லு. பிள்ளையின் மடிக்கணினியில் இன்டெல். சி மொழியில் ஓர் எழுத்தை வைக்கும் பெட்டிக்கு 'சார்' என்று பெயர். (எங்கள் நிரலை இந்தியாவில் பொதியாக்கித் தரும் தம்பி எல்லாரையும் சார் என்பார், ஒரே வாக்கியத்தில் இரண்டும் வந்து நாங்கள் திணறியிருக்கிறோம்.) அந்தப் பெட்டியில் 0 முதல் 255 வரை வைப்பதா, அல்லது கழித்தல் 128 முதல் 127 வரை வைப்பதா என்பதை சி மொழியின் தரநிலை முடிவுசெய்யவில்லை, கொம்பைலரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. லினக்ஸில், ஆர்ம் சில்லுக்கு முதல் வகை, இன்டெலுக்கு இரண்டாவது வகை. ஆங்கில எழுத்துகள் எல்லாம் 127க்குள் அடங்கும், ஆகவே அவர்களுக்கு இதனால் ஒன்றுமில்லை. தஸ்கியில் தமிழ் முழுவதும் 128க்கு மேலே. அகரம் 171. இன்டெலில் அதே அகரம் கழித்தல் 85. 'இந்த எழுத்து கொம்புகள் இருக்கும் இடத்தைவிடப் பெரிதா' என்று கேட்டால் இன்டெலில் விடை என்றைக்கும் இல்லை. மற்ற இடங்களிலெல்லாம் அண்ணை குறியில்லாத பெட்டியை வெளிப்படையாகக் கேட்டு எழுதியிருந்தார். 2016இல் வந்த அந்த ஒரு சோதனை மட்டும் வெறும் சார். எழுதியவர் வைத்திருந்ததும் பைதான்.

இன்டெலில் கட்டும் ஒவ்வொரு தடவையும் கொம்பைலர் இதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது: தரவு வகையின் எல்லை குறுகியது, ஆகவே இந்த ஒப்பீடு எப்போதும் பொய். ஐந்து வருடமாக. 412இல் ஒன்றாக. அவள் 'உதிரி' என்று ஒதுக்கிய ஆறில் அது மூன்றாவது.

அந்த ஞாயிறு, லண்டனில் பிற்பகல் மூன்று மணி, ரொறன்ரோவில் காலை பத்து, மூன்று பேரும் காணொளியில் இருந்தோம். அண்ணையை வரவைக்க நான் செல்லம்மாவின் பெயரைச் சொல்லவேண்டியிருந்தது. பிள்ளை முதலில் தமிழில் பேசினாள், கொஞ்சம் ஒத்திகை பார்த்தது தெரிந்தது. "அங்கிள், அது குப்பை இல்லை. எனக்கு வாசிக்கத் தெரியேல்ல." அண்ணை வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "உம்மட பட்டியல்ல மூண்டாவது... அதை நான் அப்பவே பாத்திருக்கலாம்" என்றார். அதற்கு மேல் இருவரும் அந்த விஷயத்தைத் தொடவில்லை. உதிரி ஆறையும் ஒவ்வொன்றாக எடுத்து மூன்று மணிநேரம் வாசித்தோம்.

அதன்பின் செய்தவற்றில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. 279 எண் ஒப்பீடுகளுக்கான எச்சரிக்கையை ஒரேயடியாக அணைத்துவிட்டோம். சாவி வைத்திருப்பவன் என்ற முறையில் அது என் முடிவு. எல்லாம் சின்னச் சுற்றுகள், எண்ணிக்கை சில ஆயிரத்தைத் தாண்டாது, 279 இடத்தைத் தொட்டால் இரண்டு கெக்காவது வரும். பிள்ளைக்கு இன்றும் அதில் சம்மதமில்லை. அவள் கேட்ட "டபிள்யூ எரர்" எங்கள் சோதனை இயந்திரங்களில் மட்டும் போடப்பட்டது, ஆர்ம் ஒன்று, இன்டெல் ஒன்று. நாங்கள் வெளியே கொடுக்கும் பொதியில் அது இல்லை. நாளைக்கு வரும் கொம்பைலர் புதிதாக ஒன்றை முணுமுணுத்தால் யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ நிரலைக் கட்டுபவர் ஏன் தண்டனை அனுபவிக்கவேண்டும்? ஜென்டூ லினக்ஸ்காரர்கள் பொதிகளிலிருந்து அந்தக் கட்டளையை எடுத்துவிடுவதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். இனி ஓர் எச்சரிக்கையை அணைக்கவேண்டுமென்றால், ஏன் என்று ஒரு வசனம் பக்கத்தில் எழுதவேண்டும். அணைப்பவரே அதை ஒப்புக்கொள்ளவும் முடியாது, இன்னொருவர் பார்க்கவேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம், யூனிகோடில் இருந்தால் போதும்.

96 வழுகல்களில் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த எச்சரிக்கைக்கு ஜிசிசியில் ஐந்து படிநிலை உண்டு. "டபிள்யூ எக்ஸ்ட்ரா" கேட்டால் மூன்றாம் படி கிடைக்கும். அது சில ஆங்கிலத் தொடர்களைத்தான் ஏற்கும். முதலாம் படியோ எந்தக் குறிப்பு இருந்தாலும், எந்த மொழியில் இருந்தாலும், ஏற்றுக்கொள்ளும். அதாவது ஒரே ஓர் எண்ணை மாற்றியிருந்தால் அண்ணையின் தமிழ் 2017இலேயே செல்லுபடியாகியிருக்கும். ஆவணத்தை வாசித்துப் பிள்ளைதான் கண்டுபிடித்துச் சொன்னாள். ஆனால் மக் கணினிக்காரர்கள் பயன்படுத்தும் கிளாங் கொம்பைலர் எந்த மொழிக் குறிப்பையும் வாசிக்காது. லினக்ஸ் கருவகத்தவர்களும் அதனால்தான் குறிப்புகளைக் கைவிட்டு அதற்கென்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டார்கள். நாங்களும் அப்படிச் செய்தோம். 96 இடத்திலும் கொம்பைலருக்கு ஒரு சொல், அதற்குப் பக்கத்தில் அண்ணையின் தமிழ் அப்படியே. அழிக்கப்பட்டவற்றைப் பழைய பதிப்பிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தவள் அவள். ஒரு வாரம் எடுத்தாள். இடையில் இரண்டு மூன்று தடவை அண்ணைக்கு நேரடியாக எடுத்து 'சுழி' என்றால் என்ன, 'விசிறி' என்றால் என்ன என்று கேட்டிருக்கிறாள் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

திருத்திய பதிப்பு வெளியானதும் அந்தப் பெண்ணுக்கு அண்ணையே தொலைபேசி எடுத்தார். என்ன கதைத்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை.

இப்போது புதிதாக ஒன்று. ஜிசிசி 10இலிருந்து மாறிகளின் பெயர்களை நேரடியாகத் தமிழிலேயே எழுதலாம். பிள்ளை ஒரு சோதனை நிரலில் 'தொகை' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தாள். அண்ணை அதற்குக் கீழே நாலு வரி சேர்த்து அனுப்பினார், அதிலும் 'தொகை'. கொம்பைலர் அப்படி ஒரு மாறியே இல்லை என்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அவளுடைய கைப்பேசி விசைப்பலகை ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடுகிறது. அண்ணையின் பழைய விசைப்பலகை கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் போடுகிறது. யூனிகோடின் விதிப்படி இரண்டும் சமம், கொம்பைலருக்கு இரண்டு வேறு பெயர். அண்ணையின் எழுத்து இயல்பு வடிவில் இல்லை என்று அது ஓர் எச்சரிக்கையும் சேர்த்துத் தந்தது. ஔவையாரை ஒகரமும் ளகரமும் போட்டு எழுதுகிறவர்களை என்ன செய்வது என்ற கேள்வியும் பின்னால் நிற்கிறது. அதற்குக் கொம்பைலரிடம் எச்சரிக்கைகூட இல்லை. பிள்ளை இதைப் பிழையாகவே நடத்தவேண்டும் என்கிறாள். "நான் முப்பது வருசமா இப்பிடித்தான் தொகை எழுதிறன்" என்கிறார் அண்ணை. வருகிற ஞாயிறு மூன்று மணிக்கு அதைத்தான் கதைக்க இருக்கிறோம்.